தொங்கக் காம்பரா அம்மாயி

இலங்கையில், தெமோதரை ஸ்டேசனுக்கு மேலே மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம். அதன் கடைசியில், தொங்கக் காம்பராவில் அம்மாயி. குறுக்குப் பாதையில் மூச்சிரைக்க ஏறி வருகிற யாரும் முதலில் அவள் இஸ்தோப்பில்தான் கால் வைக்க வேண்டும். வளையல்காரர், மூட்டையைத் தலையில் சுமந்து வரும் புடவைக்கார நானா, மேல்கணக்கிலிருந்து கலியாணம் சொல்ல வந்தவர், கிராமத்திலிருந்து வெற்றிலையும் பலாக்காயும் கொண்டுவரும் சிங்களத் தாத்தா, எல்லாருக்கும் அங்கே ஒரு சாக்கு விரித்தே கிடக்கும். "உக்காருய்யா, மொதல்ல மூச்ச வாங்கு" என்பாள். யார், எந்த ஊர், என்ன சங்கதி என்பதெல்லாம் தேத்தண்ணி உள்ளே போன பிறகுதான். சிங்களத் தாத்தாவுக்குத் தமிழ் வராது, அவளுக்குச் சிங்களம் அரைகுறை; ஆனாலும் இரண்டு பேரும் வெற்றிலை இடித்துக்கொண்டு மணிக்கணக்காக என்னதான் பேசினார்களோ!

விடியக் கருக்கலில் தப்புச் சத்தம் கேட்டதும் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடிவிடுவாள். அம்மாயிக்கு வயசாகித் தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டியிருந்தார்கள். ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு முன்னமே எழுந்து, கவ்வாத்து மலையில் பொறுக்கி வந்த தேயிலை மிலாறை அடுப்பில் செருகியிருப்பாள். அந்தப் புகைக்கு ஒரு வாசம் உண்டு. துவர்ப்பும் கசப்புமாக மூக்கில் ஏறி, கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் என்னை எழுப்பிவிடும். கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படியில் போய்க் குந்துவேன். கூப்பன் மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் பிசைவாள். விரலில் ஒட்டிய மாவைக்கூட வழித்து உருண்டையில் சேர்த்துவிட்டுத்தான் கை கழுவுவாள். கல்லில் ரொட்டி வேகும்போது ஓரம் கருகி வரும் தேங்காய் மணமும், அம்மியில் அவள் நசுக்கும் கொச்சிக்காய்ச் சம்பலின் காரமும் ஒன்றாக வந்து தும்மலை வரவழைக்கும்.

ரொட்டிக்கு நான்தான் கணக்கப்பிள்ளை. வீட்டு ஆட்களுக்கு வேண்டியதை விட எப்போதும் கூடுதலாகத்தான் சுடுவாள். அந்த மிச்சம் எனக்கு வரும் என்று ஆசையோடு காத்திருப்பேன். யாராவது ஒருவர் இருமிக்கொண்டு படியேறி வந்து சேர்வார். அவர் சாக்கில் உட்கார்ந்ததும் நான் எதிரே குந்தி, மங்கிலிருந்து வாய்க்குப் போகும் ஒவ்வொரு துண்டையும் கண்ணாலேயே பின்தொடர்வேன். "என்னா வெறிக்கிற? போய்ப் பீலியில தண்ணி புடிச்சா" என்று விரட்டுவாள்.

ஆடி, ஆவணியில் கச்சான் காற்று காய்ந்து வீசும். அந்தக் காற்றில்தான் எங்கள் ஊவாத் தேயிலைக்கு உலகமே பேசும் வாசம் ஏறுகிறது. அந்த வாசமெல்லாம் பெட்டியில் அடைபட்டுக் கொழும்புக்குப் போய்விடும். எங்களுக்குத் தோட்டத்தில் அளந்து கொடுக்கும் தூள்தான். அதில் வடித்த சாயத்தைக் கொடுத்து, உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனியும் வைப்பாள். நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ தேநீர் குடித்துவிட்டேன். அந்தச் சாயத்துக்கு ஈடில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

1973, 74இல் பஞ்சம் வந்து மாவு சுருங்கியது. தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம். மரவள்ளிக்கிழங்கும் பலாக்கொட்டையும் கீரையுமாக நாள் போயிற்று. மாவு கிடைத்த நாளில் ரொட்டியின் பருமன் குறைந்ததே தவிர, எண்ணிக்கை குறையவில்லை.

அப்போதுதான் ஊரும் காலியாகிக்கொண்டிருந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி, நாடற்றவர்களாயிருந்த எங்கள் சனங்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும். பாஸ்போட் வந்தவர்கள் சாமான்களை விற்றுவிட்டு, கடைசி ராத்திரி அம்மாயி வீட்டில்தான் தங்குவார்கள். ஸ்டேசனுக்குப் பக்கம் அல்லவா? அன்றைக்கு விடியவிடிய ரொட்டிக்கல் காயும். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் சேரும் வரை தாங்கும்படி, சம்பலோடு வாழையிலையில் கட்டிக் கொடுப்பாள்.

தெமோதரையில் ஒரு விசேஷம்: பதுளையிலிருந்து வரும் கோச்சி முதலில் ஸ்டேசனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையைச் சுற்றி வட்டமடித்து ஏறி, அப்புறம்தான் ஸ்டேசனுக்கு வரும். காலடியில் தடதடப்புக் கேட்டதும் கூட்டத்தில் அழுகை வெடிக்கும். அது வட்டமடித்து வருவதற்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்க வேண்டும். ஒப்பாரிக் கோச்சி என்றே சனங்கள் பேர் வைத்துவிட்டார்கள். நானோ, பூமிக்கடியில் போகிற அந்தக் கோச்சிதான் நேரே இந்தியாவுக்குப் போகிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு கூடலூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து காயிதம் வரும். திரும்பியவர்களுக்காக அங்கே அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டங்கள். நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "மாவு கெடைக்குதாமா? கேட்டு எழுது" என்பாள்.

அவள் எந்த நாட்டுக் குடியுரிமைக்கும் மனுப் போடவில்லை. பாக்கியிருந்தவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்க 2003இல் சட்டம் வந்தபோது அவள் இல்லை.

இப்போது தெமோதரைக்குப் பக்கத்திலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நீங்களும் வந்தால், அப்படியே பக்கத்துத் தோட்டமொன்றில் ஏறி லயத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.