இழந்த உயரம்

தீப்பொறிக்கு அஞ்சியே தன் நடைமுறைகளையெல்லாம் வகுத்துக்கொண்ட ஒரு பிரதேசத்தில், விடிந்தது முதல் விளக்கேற்றும் நேரம் வரை சம்மட்டியால் எஃகை அடித்து ஜீவிக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள் என்பது, சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துக்கு வந்து இறங்கும் அந்நியனுக்குச் சற்று விநோதமாகவே தோன்றும். பட்டாசு ஆலைகளில் அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்று விதி. மருந்தைத் தொடும் கருவி மரமாகவோ பித்தளையாகவோ இருக்கவேண்டுமேயன்றி இரும்பாக இருக்கலாகாது என்று விதி. ஆணி அடித்த செருப்புக்குக்கூட அங்கே பிரவேசம் கிடையாது. இரும்பை இவ்வளவு சந்தேகத்துடன் பார்க்கும் ஊரில் இரும்பையே நம்பி நடக்கும் பட்டறை, ஆலைகளிலிருந்து நன்றாக விலகி, லாரிகள் நிற்கும் சாலையோரத்தில், வேப்பமர நிழலையும் சில தகரங்களையும் கூரையாகக் கொண்டு இருந்தது.

லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளைச் சரிசெய்வதே அதன் பிரதான தொழில். வெடிக்கு இணையாக அச்சுக்கும் காலண்டருக்கும் பேர்போன ஊர் இது என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த இரண்டு தொழில்களும் ஒரு லாரியின் அடிவயிற்றில் எப்படி வித்தியாசப்படுகின்றன என்பதை மேஸ்திரி சொல்லித்தான் அறிந்துகொண்டேன். “வெடிப் பெட்டி வண்டியை அடைக்கும், அமுக்காது. பேப்பர்தான் அண்ணாச்சி பட்டையைக் கொல்லும்” என்றார். அறுபதைக் கடந்தவர், இளமையில் போடியில் தொழில் பழகியவர். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளுக்குப் பட்டை கட்டியே கைதேர்ந்தவர் என்று கேள்விப்பட்டுத்தான் என் நண்பர் தம் ஜீப்பை இவ்வளவு தூரம் ஓட்டிவந்திருந்தார்.

நண்பருக்கு வத்திராயிருப்புப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு உண்டு. தோப்புக்குப் போகும் வழியில் ஓர் ஓடை. ஓடையில் தண்ணீர் இருக்கும் நாட்களைவிடக் கல் இருக்கும் நாட்களே அதிகம். அவர் வாங்கியிருந்தது மஹிந்திராவின் பழைய ஜீப். 1945-இல் எஃகு வியாபார நிறுவனமாகத் தொடங்கி, 1947-இல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் கோர்க்கத் தலைப்பட்ட அந்தக் கம்பெனி, இரண்டாம் உலக யுத்தத்துக்காகப் பிறந்த அந்த வண்டியின் அங்க லட்சணங்களை அதிகம் மாற்றாமலேயே பல தசாப்தங்கள் உற்பத்தி செய்தது. ஆகவே நம் தாத்தாக்கள் ஏறிச்சென்ற வில்வண்டியின் அடியில் இருந்த அதே தத்துவம், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளின் வளைவு பாரத்தைத் தாங்குவது என்ற தத்துவம், இந்த ஜீப்பின் நான்கு மூலைகளிலும் மாறாமல் இருந்தது. வண்டியை நான்கு அங்குலம் தூக்கிவிட வேண்டும்; செலவு மட்டும் கைக்கடக்கமாக இருக்கவேண்டும்; புதுச் சாமான் தேவையில்லை, பழையதே போதும் என்பது நண்பரின் கோரிக்கை.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. ஒரு சாக்கை விரித்து ஜீப்பின் அடியில் படுத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர், கல் எங்கே உரசியிருக்கிறது என்று பார்த்ததாகச் சொன்னார். காயங்கள் சேஸிஸிலும், கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலும் இருந்தன. பின் ஆக்ஸிலில் உருண்டு தொங்கும் ஹவுசிங்கில் இல்லை. இது சாமானிய விஷயமல்ல. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்ஸில் உயராது. அது சக்கரத்தின் நடுவிலேயே இருப்பதால், பெரிய டயர் போட்டாலொழிய ஹவுசிங்குக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு நூல்கூடக் கூடாது. காயம் ஹவுசிங்கில் இருந்திருந்தால், நண்பர் செலவழிக்கவிருந்த பணம் அத்தனையும் வியர்த்தமாகியிருக்கும். விளம்பரங்களைப் பார்த்து வண்டியைத் தூக்குகிறவர்களில் எத்தனை பேர் முதலில் கீழே படுத்துப் பார்க்கிறார்கள் என்பது எனக்குச் சந்தேகமே.

அடுத்து ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியை நான்கு பக்கமும் அளந்தார். வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருகிறவர். என் நண்பரோ நல்ல தேகபுஷ்டி உள்ளவர். மேஸ்திரி மரியாதை கருதிக் காரணத்தைச் சொல்லவில்லை. வில்லாக வளைந்திருக்கவேண்டிய பட்டைகள் ஏறக்குறைய நேராகிக் கிடந்தன. “நாலு அங்குலம் கேக்கீங்க. அதில் ஒண்ணரை அங்குலம் உங்க வண்டியே தொலைச்சது. முதல்ல அதை மீட்டுக் கொடுக்கேன். அப்புறம் மிச்சத்தைப் பேசுவோம்” என்றார். பிற்பாடு நான் பார்த்த வேலைகள் எல்லாம் இந்த வார்த்தையின் விஸ்தரிப்பாகவே எனக்குப் பட்டன. உயர்த்துதல் என்று நாம் மோகத்துடன் சொல்வதில் பாதி, இழந்ததைத் திரும்பப் பெறுதலே.

நண்பர் விடுவதாயில்லை. இந்த ஜீப்பில் பட்டைகள் ஆக்ஸிலுக்கு அடியில் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை எடுத்து ஆக்ஸிலுக்கு மேலே கட்டினால் ஒரே வேலையில் உயரம் எகிறிவிடும், பட்டைகூட வாங்க வேண்டாம் என்று எங்கோ கேட்டு வந்திருந்தார். யோசனை பொய்யன்று, ஆக்ஸில் குழாயின் கனமும் பட்டை அடுக்கின் கனமும் சேர்ந்து உயரமாகவே கிடைக்கும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் பட்டையை முறுக்கும். ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் கெடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாக இறங்கி அதன் கிராஸ் பேரிங்குகள் ஓயாமல் தேயும். கனத்தின் மையம் மேலே போவதால் வளைவில் வண்டி சாயத் துணியும். “மலையில ஓட்டுறவனே அதைச் செய்ய யோசிப்பான்” என்று சொல்லி மேஸ்திரி அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

பின்னர் காயலான் கடைக்குப் போனோம். பழைய சாமான் என்றால் சென்னைப் புதுப்பேட்டையும் கோவை உக்கடமும் நமக்கு ஞாபகம் வரும். இங்கே அவ்வளவு வியாபகம் இல்லை. முள்வேலிக்குள் வண்டிகளின் எலும்புகள், ஓர் எடைத் தராசு, ஒரு கட்டில், அதில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர். பட்டைகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அகலமும் கனமும் ஒத்த பட்டைகளை உருவியெடுத்து மேஸ்திரி பரீட்சை செய்த விதத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். முதலில் நடுத்துளை: பட்டைகளை ஆக்ஸிலோடு பிணைக்கும் யு போல்ட் தளர்ந்த வண்டியில் பட்டை அங்கேதான் முறியத் தொடங்கும். அடுத்து நுனி உரசிய இடம்: கீழ்ப் பட்டையின் நுனி மேல் பட்டையில் பள்ளம் பறித்திருந்தால் அதைத் தள்ளிவிட்டார். மெயின் பட்டையின் கண்ணுக்குள் விரலை விட்டுத் தடவி, வட்டம் முட்டை வடிவமாகியிருக்கிறதா என்று பார்த்தார். துரு பரவலாக இருந்தால் பொறுத்தார். உட்குழிந்த பக்கத்தில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் பொறுக்கவில்லை. பாரம் ஏறி வளைவு நிமிரும்போது இழுபடுவது அந்தப் பக்கம். விரிசல் பிறப்பது அந்தப் புள்ளிகளில்.

இவற்றுக்கெல்லாம் தேறியதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டினார். நல்ல பட்டை மணிபோல் நீள ஒலிக்கும். விரிசல் கண்டது மொத்தையாக ஒலித்து அடங்கும். நாற்பது வருஷத்துச் சம்மட்டிச் சத்தத்தில் மேஸ்திரிக்குக் காது மந்தம். ஆகையால் தட்டிவிட்டு மறு கையின் விரல் நுனிகளைப் பட்டையின்மேல் இலேசாக வைத்து அதிர்வு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டார். சந்தேகம் வந்த ஒன்றை மண்ணெண்ணெயால் துடைத்து, உலர்த்தி, மேலே சாக்பீஸ் தூளைப் பூசி ஒரு நாழி வைத்தார். நடுத்துளையின் விளிம்பிலிருந்து மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு வெள்ளையில் ஊறி வந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கடைக்காரர் அதைத் தள்ளுபடி விலைக்குத் தருவதாகச் சொன்னார். வெல்டிங் வைத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார். மேஸ்திரிக்கு அன்று முதன்முறையாகக் கோபம் வந்தது. சூடு காட்டி எண்ணெயில் குளிரவைத்து மறுபடி அதைவிடக் குறைந்த சூட்டில் பதப்படுத்தி ஏற்றிய குணம், வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் அழிந்துவிடுகிறது. ஒட்டுக்கு அடுத்த விரற்கடையிலேயே பட்டை கண்ணாடி போல் ஒடியும்.

சில சாமான்களை அவர் பழையதாகத் தொடவே இல்லை. யு போல்ட் ஒருமுறை முழு இறுக்கத்துக்கு இழுபட்டால் நீண்டுவிடும், அதை இரண்டாவது வண்டிக்குப் போடுவது பாவம் என்றார். சென்டர் போல்ட், ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் முனைகள் ஆகியவையும் அப்படியே. சிக்கனம் எங்கே செய்யலாம், எங்கே செய்யலாகாது என்ற எல்லைக்கோட்டை இவ்வளவு தெளிவாக வரைந்த மனிதரை நான் கடைவீதிகளில் அதிகம் கண்டதில்லை.

பட்டறையில் உலை கிடையாது. வெடி ஊரில் உலை எதற்கு என்பது ஒரு காரணம். பதமறியாமல் சூடுகாட்டினால் பட்டை வெறும் இரும்பாகிவிடும் என்பது முக்கிய காரணம். எல்லாம் குளிர்வேலை. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு வளைவு வரையப்பட்டது. உட்குழிவு மேல்நோக்க, இரண்டு மேடுகளின்மேல் பட்டையைக் கிடத்தி, மேஸ்திரி கையால் நகர்த்த, ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்திருந்த ஓர் இளைஞர் சம்மட்டியை இறக்கினார். ஒரே இடத்தில் இரண்டு அடி விழக்கூடாது. விழுந்தால் வில் வளையாமல் முடங்கிப்போகும். நாலைந்து அடிக்கு ஒருமுறை பட்டையைத் தரைக்கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பதும், மறுபடி தூக்குவதுமாக முற்பகல் கழிந்தது. பட்டையின் கனம் கால் பங்கு கூடினால் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பொறியியல் நூல்கள் கணக்குச் சொல்கின்றன. மேஸ்திரி அந்தக் கணக்கை அறியார். ஆனால் முன்பக்கத்துக்குக் கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கும்போது, நண்பர் ஆசைப்பட்ட லாரிப் பட்டையை ஒதுக்கிவிட்டு மெல்லியதையே எடுத்தார். “கனத்தைப் போட்டா வண்டி உசரும், உங்க முதுகு உடையும்” என்பது அவருடைய சூத்திரம்.

பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு பிணைக்கும் சேக்கிளை, பின்பக்கத்துக்கு மட்டும் சற்று நீளமாகப் போடச் சம்மதித்தார். சேக்கிளில் இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டியில் ஓர் அங்குலமே கிடைக்கும். பட்டையின் ஒரு முனைதானே இறங்குகிறது? முன்பக்கத்தில் அதைச் செய்ய மறுத்துவிட்டார். இந்த ஜீப்பில் முன்பட்டையின் சேக்கிள் முன்னால் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்ஸில் முன்னோக்கிக் கவிழ்ந்து, திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகும் சுபாவத்தை இழந்துவிடும். அடுக்குகளுக்கு இடையே கிராஃபைட் கிரீஸ் தடவி, வண்டியைக் கட்டைகளின்மேல் நிறுத்திப் பட்டைகளை ஏற்றினார்கள். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே புஷ் போல்ட்டுகள் முழுமையாக இறுக்கப்பட்டன. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். ஷாஃப்ட்டின் நழுவுமுனையில் எவ்வளவு பல் உள்ளே பிடித்திருக்கிறது என்று பார்த்துத் திருப்தியடைந்த பின், சற்று நீளமான புதிய பிரேக் ஹோஸைப் பூட்டினார்கள்.

எல்லாம் முடிந்து அளந்தபோது உயரம் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. நண்பர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைச் சுட்டி, தயாரிப்பாளர் நிர்ணயித்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதை நான் அவருக்கு நினைவூட்டினேன். மீட்ட ஒன்றரை அங்குலத்தை எவரும் ஆட்சேபிக்க முடியாது, மிச்சத்துக்கு எஃப்.சி. பார்க்கும் அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரேதான் என்பது என் அபிப்பிராயம்.

மேஸ்திரி ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்கு எழுதினார். பழைய பட்டைகள் எடைக்கு எடை. கழற்றிப்போட்ட இரும்புக்கு அதில் கழிவு. யு போல்ட், புஷ், ஹோஸ் முதலான புதுச் சாமான்களே பாதித் தொகையை விழுங்கியிருந்தன. கூலி கடைசி வரியில், எல்லாவற்றிலும் சிறிய தொகையாக இருந்தது. நண்பர் சாமான் விலை எதையும் கேட்கவில்லை; கூலியில்தான் பேரம் பேசினார். மேஸ்திரி கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தோப்புக்கு நாலு நடை போய்வந்ததும் வண்டியைக் கொண்டுவரும்படியும், பட்டைகள் படிந்தபின் யு போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும், அதற்குக் காசு கிடையாது என்றும் சொல்லி, அடுத்து நின்ற பேப்பர் லாரியின் அடியில் சாக்கை விரித்தார்.