பச்சை டிக்கை நம்பாதே

• இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபிஸ். அன்றன்று மாறிய கோப்புகளை மட்டும் இரவில் நகலெடுக்கும்படி பேக்கப்பை அமைத்திருக்கிறார்கள். "நல்லாத்தானே ஓடுது தம்பி, பச்சை டிக் வருதே" என்றார் கிளாக்கரய்யா. லாக்கைத் திறந்தால் 'வெற்றி', கீழே 'நகலெடுத்தவை: 0'. தினம் செக்ரோல் (தொழிலாளர் வேலைப் பதிவேடு) ஏறும் கணினியில் ஒரு கோப்புமா மாறவில்லை?

• குற்றவாளி மதர்போர்டில்: சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. கரண்ட் போய் வந்தால் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போகிறது. இன்று திருத்திய கோப்பில் பழைய திகதி விழ, திகதி பார்த்து எடுக்கும் மென்பொருள் அதைத் தாண்டிப் போகிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில்தான் இந்தப் பேட்டரி செலவாகும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது.

• பேட்டரி மாற்றி நேரம் சரிசெய்தால் மட்டும் போதாது. பழைய திகதி விழுந்த கோப்புகள் தாமாகத் திருந்தா. உடனே புதிதாக ஒரு முழு நகல்.

• பேட்டரி நன்றாக இருந்தும் 0 வந்தால் ஆர்க்கைவ் பிட்டைப் பார்க்கவும். விண்டோஸில் கோப்பு மாறினால் ஏறும் கொடி அது. சில மென்பொருள்கள் நகலெடுத்ததும் அதை இறக்கிவிடும். ஒரே ஃபோல்டரில் அப்படி இரண்டு ஓடினால் பிந்தியதற்கு ஒன்றும் மிஞ்சாது.

• ஞாயிறு முழு நகல், பிறகு தினமும் மாறியவை மட்டும் என்றால் வெள்ளியை மீட்க ஞாயிறும் ஐந்து துண்டுகளும் வேண்டும். புதன் கெட்டால் செவ்வாயோடு நின்றுவிடும். ஞாயிறுக்குப் பிறகு மாறிய எல்லாவற்றையும் தினமும் எடுத்தால் ஞாயிறும் வெள்ளியும் போதும். இடம் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்; சம்பளத்துக்கு முதல்நாள் துண்டு தேடிக்கொண்டிருக்க முடியாது.

• 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க கிளவுடில் ரான்சம்வேர் புகுந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவையும் சேர்த்து, போயின. அந்தக் காலத்துக்கு இணைப்பிலிருந்து கழற்றி வைத்த நகல் இல்லை. இங்கேயும் பேக்கப் டிஸ்க் எந்நேரமும் சர்வரில் செருகியே கிடக்கிறது. இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிச் செருகச் சொல்ல வேண்டும். ஒன்று எப்போதும் அலுமாரியில்.

• சம்பளம் போட்ட மறுநாள் வேறு ஃபோல்டரில் மீட்டுப் பார்க்கவும். ஒரு தொழிலாளியின் இலக்கத்தை எடுத்து முழுப்பேர் (முழுநாள் வேலை), அரைப்பேர் (அரைநாள் வேலை), கொழுந்து கிலோ மூன்றையும் கணக்கப்பிள்ளையின் பொக்கெட் செக்ரோலோடு ஒப்பிடவும். ஒத்துப்போனால் அதுதான் பேக்கப்.