கைதட்டல்

உணவு பரிமாறுவோரிடம் நாம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிச் சில சொற்கள் எழுதத் துணிகிறேன். பிறரைத் திருத்தும் தகுதி எனக்கு உண்டு என்னும் எண்ணத்தால் அன்று. சீன தேசத்தில் ஓர் இத்தாலிய உணவகத்தில் நான் செய்த பிழையொன்றை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறேன்.

என் மகள் தியான்ஜின் நகரில் ஆசிரியைத் தொழில் புரிகிறாள். அவளைக் காணும் ஆவலால் பெய்ஜிங் வரை பறந்து, அங்கிருந்து விரைவு இரயிலில் அரை மணி நேரத்தில் அந்நகரை அடைந்தேன். மறுநாள் மாலை, "அப்பா, இன்றைய விருந்து என் செலவு" என்று கூறி, ஹாய் ஆற்றின் கரையிலுள்ள இத்தாலியப் பகுதிக்கு என்னை அழைத்துச் சென்றாள்.

சீன நகரில் இத்தாலியப் பகுதி வந்த வரலாறு இனிமையானதன்று. 1900-ஆம் ஆண்டில் எட்டு நாட்டுப் படைகள் சீனத்துட் புகுந்தன. அதன் பயனாக 1902-இல் இத்தாலி அந்நகரில் ஏறத்தாழ 46 ஹெக்டர் நிலத்தைத் தன் ஆட்சிக்குள் கொண்டது. உப்பளமும் சதுப்பும் இடுகாடுமாய்க் கிடந்த இடத்தில் மாடமும் தூண்வரிசையும் கொண்ட மாளிகைகள் எழுந்தன. தியான்ஜினில் இவ்வாறு இடம் பிடித்த அந்நிய நாடுகள் ஒன்பது. சீனத்து மண்ணில் சீனருக்குச் சட்டம் வகுத்தோர் பிறராயினர். 1898-ஆம் ஆண்டுச் சீர்திருத்த இயக்கத்தில் முன்னின்ற அறிஞர் லியாங் சிச்சாவ் கூடப் பிற்காலத்தில் இப்பகுதியிலேயே வீடு கட்டிக் குடியிருந்தார். தாய்நாட்டின் மறுமலர்ச்சிக்கு எழுதியவர், தாய்நாட்டிலேயே பிறர் ஆட்சியின் நிழலில் இருந்து எழுதினார்! 1947-ஆம் ஆண்டுச் சமாதான உடன்படிக்கையோடு இத்தாலியின் உரிமை அற்றுப்போயிற்று. கட்டடங்கள் மட்டும் நின்றன. அவற்றுள் பலவற்றில் இன்று உணவகங்கள் நடைபெறுகின்றன.

நாங்கள் புகுந்தது மிகச் சிறிய உணவகம். ஆறே மேஜைகள், வெளியே குளிர்காற்று, உள்ளே மஞ்சள் விளக்கொளி, சமையலறை ஆவியால் சன்னற் கண்ணாடி வியர்த்திருந்தது. அடுப்படியில் நின்றவர் இத்தாலியர் அல்லர், அவ்வூர்ச் சீனரே. பக்கத்து மேஜையில் ஒரு மூதாட்டி தன் பேரனுக்குப் பாஸ்தாவை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தாள். முன்னாளில் அந்நியர் ஆண்ட இடத்தில் இன்று ஊர்க்குடும்பங்கள் உரிமையோடு அமர்ந்து உண்பதைக் காண என் நெஞ்சம் குளிர்ந்தது.

உணவு வந்தது. தக்காளிச் சாற்றில் புரண்ட பாஸ்தா, அதன்மேல் துருவிய பாலாடைக் கட்டி, நான்கைந்து பச்சிலைகள். இலையை முகர்ந்தேன். நம்மவர் திருநீற்றுப்பச்சை என்பார்களே, அதன் இனம்! நம் மீயின் உறவினர்தானே இந்தப் பாஸ்தா என்றேன். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து கொண்டு சென்றதாகச் சொல்வார்களே என்றும் கேட்டேன். அவ்வட்டாரத்துச் சதுக்கத்திற்கே அவர் பெயர்தான். மகள் நகைத்தாள். மார்க்கோ போலோ வெனிஸ் திரும்பியது 1295-இல். சிசிலித் தீவில் பாஸ்தா செய்து பல ஊர்களுக்கு அனுப்பியதை அல் இத்ரீசி என்னும் புவியியல் அறிஞர் 1154-லேயே எழுதியிருக்கிறார் என்றாள். தக்காளியோ அமெரிக்காவிலிருந்து வந்தது; நம் மிளகாயும் அவ்வாறே. ஒரு தட்டின் குலம் கோத்திரம் ஆராயப் புகுந்தால் உலகம் முழுவதும் உறவாகிவிடுகிறது என்று நான் பெருமிதத்தோடு பேசினேன். சமத்துவம் பேசுவது எத்துணை எளிது!

இவ்விடத்தில் என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், துரை பங்களாவில் மேஜைப் பணியாளராக இருந்தவர். வெள்ளைச் சட்டை அணிந்து சுவரோரம் நிற்பார். துரை அவரைப் பெயரிட்டு அழைத்ததில்லை; இருமுறை கை தட்டுவார். அவ்வளவே. எத்தனையோ ஆண்டுகள் துடைத்துப் பளபளப்பாக்கிய அந்த மேஜையில் என் தகப்பனார் ஒரு நாளேனும் அமர்ந்ததில்லை. வேலையை விட்டு நெடுங்காலம் சென்ற பின்னரும், வீட்டில் குழந்தைகள் விளையாட்டாகக் கை தட்டினால் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிடுவார். பின்பு நாணத்தோடு மெல்ல உட்காருவார். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. மேலாளர் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். வயிற்றுக்குச் சோறு எவ்வளவு தேவையோ அவ்வளவு மானமும் தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இத்தனையும் அறிந்த நான் என்ன செய்தேன்? இரண்டாம் உணவு வரத் தாமதமாயிற்று. பரிமாறும் பெண் ஒருத்தியே, இருபது வயதிருக்கும், ஆறு மேஜைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். எனக்கோ அவள் மொழி தெரியாது. என்னை அறியாமல் என் கைகள் உயர்ந்தன. இருமுறை தட்டினேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்தத் திடுக்கீட்டை நான் முன்பே கண்டிருக்கிறேன்; என் தகப்பனார் முகத்தில்.

என் மகள் முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, தாத்தாவை இப்படித்தானே கூப்பிட்டார்கள்?" என்று மெல்லக் கேட்டாள். அவள் குரலில் சினமில்லை. சினந்திருந்தால் நானும் ஏதேனும் மறுமொழி சொல்லித் தப்பியிருப்பேன். தலை குனிந்தேன். என் தகப்பனாரை அந்தச் சுவரோரத்திலிருந்து அழைத்துவந்து மேஜையில் அமர்த்திவிட்டதாகச் சற்றுமுன் மகிழ்ந்திருந்தேன். உண்மையில் நான் அமர்ந்திருந்தது துரையின் நாற்காலியில்.

உணவோடு வந்த அப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கும்படி மகளை வேண்டினேன். அவள் சீனத்தில் எடுத்துச் சொன்னாள். அப்பெண்ணோ பதறி, தாமதம் தன் குற்றமே என்று எனக்கு முன்னால் தலை தாழ்த்தினாள். பிழை செய்யாதவள் பிழை பொறுக்கக் கேட்டாள்! என் தகப்பனாரும் நாள்தோறும் இதைத்தானே செய்திருப்பார்? நான் எழுந்து நின்று, அவள் கையிலிருந்த தட்டை இரு கைகளாலும் பெற்றுக்கொண்டேன். அவள் முதலில் விழித்தாள், பிறகு சிரித்தாள். அவள் பெயரை மகள் கேட்டுச் சொன்னாள். நாங்கள் புறப்படும்போது அப்பெயரைச் சொல்லி விடைபெற்றேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவள் மீண்டும் சிரித்தாள்.

அன்பர்களே, அந்நியன் ஊரைவிட்டுப் போவதற்கு உடன்படிக்கை உண்டு, ஆண்டுக் கணக்கு உண்டு. நம் கைகளில் அவன் விட்டுச்சென்ற பழக்கம் போவதற்கு எந்த உடன்படிக்கையும் இல்லை. நம் ஊர்க் கோப்பிக் கடைகளில் மேஜை துடைக்கும் பிள்ளையை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? சிலர் கை தட்டுகிறோம். சிலர் 'ஏய்' என்கிறோம். அப்பிள்ளைக்கும் ஒரு பெயர் உண்டு. அடுத்த முறை கேட்டுத் தெரிந்துகொள்வோம். நானும் இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.