பாக்கி வைத்த குலவை

விருதுநகரில் காரியாபட்டி பஸ் ஏறி மல்லாங்கிணற்றில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. அங்கிருந்து நண்பரின் கிராமத்துக்கு நடைதான். கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் நடக்க முடிந்தது. அன்று அவர்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை.

பீடத்துக்கு முன்னால் மக்காச்சோளக் கதிர்கள், ஒரு பூசணி, காலைக் கட்டிப் போட்ட சேவல். ஆராதனை புத்தக முறைப்படி அமைதியாகத்தான் தொடங்கியது. வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று வந்தபோது வாசலோரம் இருந்த இளைஞர்கள் பறையை எடுத்தார்கள். தோலை நன்றாகக் காய்ச்சி வைத்திருந்தார்கள். முதல் அடியே கணீரென்றது. முன்வரிசைப் பாட்டி ஒருவர் எழுந்து, வாயைக் கையால் மறைத்து ஒரு குலவை போட்டார். பின்னாலிருந்து பத்துப் பதினைந்து குலவைகள் கிளம்பின. ஓட்டுக்கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வர, எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான் வளர்ந்த ஆலயத்தில் கொஞ்சம் உரக்கக் கை தட்டினாலே பின்னாலிருந்து யாராவது தோளைத் தொடுவார்கள். அடக்கம்தான் பக்தி என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆரவாரமெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்றும் சொன்னார்கள். அது சரியில்லை. இதே மாவட்டத்தில், வத்திராயிருப்புப் பக்கம், கிறிஸ்தியான்பேட்டை இருக்கிறது. மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த அருளப்பன் உருவாக்கிய ஊர். எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர் அவர். 1860இல் அங்கே எழுப்புதல் மூண்டது. பாவத்தை நினைத்து மார்பில் அடித்து அழுத ஜனங்கள், மன்னிப்புக் கிடைத்த நிச்சயம் வந்ததும் ஆனந்தம் தாங்காமல் பாடினார்கள். அந்நிய பாஷை பேசினார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொட்டில் என்று சொல்லப்படும் அமெரிக்காவின் அசூசா தெருக் கூட்டங்கள் தொடங்கியது 1906இல். அதற்கு 46 வருஷம் முன்பே நம் கரிசல் சீமை களித்துக் கூத்தாடியிருக்கிறது. முதலில் அழுகை, பிறகுதான் களிப்பு. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பறை ஆலயத்துக்குள் வர இன்னும் நாளாயிற்று. சாவுமேளம் என்று தள்ளினார்கள். உள்ளே இருந்தது சாதி. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாப்பிலஸ் அப்பாவு, மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன், நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டை அமைத்து, ஒடுக்கப்பட்டவர்களின் இசையைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கி உண்பது என்பதை அவர் விசுவாசத்தின் நடுவில் வைத்தார். 2005இல் மறைந்தார்.

ஆராதனை முடிந்து பந்தியில் அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. சோறு பிசைந்த விரல்களின் நகக்கண்ணில் வெள்ளி மாதிரி ஏதோ மினுங்கியது. பார்த்துவிட்டார்.

“பயராபீஸ் பட்டாசு மருந்துய்யா. எத்தன சோப்புப் போட்டாலும் போகாது.”

“குலவை நல்லா இருந்துச்சு பாட்டி.”

“போன வருசம் வாயே தொறக்கலய்யா. மூத்தவன் போயிட்டான். இதே எடத்துல அழுதுக்கிட்டே உக்காந்திருந்தேன். ஆண்டவரு ஒண்ணும் கேக்கல, பொறுத்துக்கிட்டாரு. இந்த வருசம் பாக்கியவும் சேத்துப் போட்டுட்டேன்.”

வெளியே காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்கிவிட்டது. யாரோ சேவலுக்கு முந்நூறு என்று கேட்டார்கள். பாட்டி அவசரமாக இலையை மடித்தார்.

“அது நா வளத்த சேவலு. நாந்தான் எடுக்கணும்.”

கையைக் கழுவக்கூட நிற்காமல் போனார்.