நோவின் பெயர்கள்

என் கைவிரல் மூட்டுகளில் முடக்குவாதம் குடிகொண்டு 12 ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட நோவு என்பர் மருத்துவர். வீக்கம் தெரியாத நாளிலும் அது உள்ளே இருக்கும், வீட்டாரோ அறியார். "அம்மாவுக்கு என்மேல் கோபமா?" என்று மகள் கேட்பாள். மருத்துவமனையில் 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லச் சொல்வர். பிள்ளையிடம் எண்ணைச் சொல்லி என்ன பயன்? குத்து, கடுப்பு, உளைவு, எரிவு, விறைப்பு என்னும் நம் சொற்களை அவளுக்குப் பழக்கினேன். விறைப்பு காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். அவ்வேளையில் தலை பின்னிவிடும்படி கேளாள். உளைவு என்றால் அருகில் வந்து அமர்வாள். கணவருக்கு இன்றளவும் எல்லாம் 'நோ' தான். ஆயினும் தேநீர் தவறாது வந்துவிடும்! சென்ற வாரம் விளையாடிவிட்டு வந்தவள், "அம்மா, எனக்குக் கால் உளைகிறது, கடுப்பு அல்ல" என்றாள்.