எங்கள் அம்மிணி பார்க்கிற வேலை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கை மகள் பெங்களூரில் சிப் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறாள். போன மாதம் ஒரு வரன் வீட்டில், "ஒயரு சரியாப் போகுதான்னு பாக்கற வேலைதானுங்களே? அதுக்கு எதுக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிக்கோணும்? கல்யாணத்துக்கப்புறம் விட்டுட்டாப் போச்சு" என்றார்கள். நம்மவர்கள் சிலரும் தலையாட்டினார்கள். என்ன வேலையென்று தெரிந்துகொண்டு பேசலாமே என்றுதான் இதை எழுதுகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, அஞ்சாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொல்லி அவளை உட்கார வைத்தேன்.

"பெரியம்மா, வேப்பமரத்துல புல்லுருவி பாத்திருக்கீங்கல்ல? நாம நடறதில்ல, அதுவா வந்து ஒட்டிக்கும். அந்த மாதிரி நாங்க வரையாத சங்கதியெல்லாம் சிப்புக்குள்ள வந்து உக்காந்துக்கும்" என்றாள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே பாராசிட்டிக், அதாவது ஒட்டுண்ணி.

தோப்புக்குச் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். குழாய் மெலிந்து நீண்டால் கடைசித் தென்னைக்குத் தண்ணீர் சுணங்கும். அது மின்தடை. ரப்பர் ஓஸ் முதலில் உப்பிக்கொண்டு, அப்புறம்தான் மறுமுனையில் தண்ணீர் விடும். அது மின்தேக்குத் திறன். ஓடுகிற தண்ணீரை வால்வை மூடிப் பட்டென்று நிறுத்தினால் குழாயே அதிரும். அது மின்தூண்டல். இந்த மூன்றும் சிப்பின் ஒவ்வொரு கம்பியிலும் தானாகவே இருக்கின்றன.

விநாடிக்கு 100 கோடி முறை துடிக்கிற சிப்பில், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் வெளிச்சமே 30 செ.மீ. தான் போகும். நம் பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்! அதற்குள் செய்தி போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் சுணங்கினாலும் 1 என்பது 0 ஆகப் படிக்கப்படலாம்.

கம்பிகள் நெருங்கி ஓடுவதால் பக்கத்துக் கம்பி மாறும்போது இதுவும் ஆடும். என் வகுப்பில் வாயாடிகள் இருவரைச் சேர்த்து உட்கார வைக்க மாட்டேன். நடுவில் ஒரு அமைதியான பிள்ளையை உட்கார வைப்பேன். (அப்படி உட்கார்ந்தவர்கள் இப்போது சிரிப்பீர்கள்.) அவளும் அதைத்தான் செய்கிறாள். கம்பிகளைத் தள்ளி வைக்கிறாள், அல்லது நடுவில் ஆடாத தரைக்கம்பி ஒன்றை விடுகிறாள். ஆயிரக்கணக்கான சுவிட்சுகள் ஒரே நேரத்தில் மாறினால் 0 வோல்ட் என்று நம்பிய தரையே குதிக்குமாம். அதற்குப் பக்கத்திலேயே சின்ன மின்தேக்கிகள், நம் வீட்டு மேல்தொட்டி மாதிரி.

இது புதுத் தொல்லையும் அல்ல. 1858-ல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தந்திக் கம்பியில் விக்டோரியா ராணியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேர சுமார் 16 மணி நேரம் ஆனது. கம்பி நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன் 1854-லேயே கணக்குப் போட்டிருந்தார். அதே கணக்கு இன்று நகத்தளவு சிப்புக்குள் நடக்கிறது. அதனால்தான் நீளக் கம்பியை நடுநடுவே வெட்டி, செய்திக்குப் புதுத் தெம்பு கொடுக்கும் சுற்றுகளை வைக்கிறார்கள்.

நம் சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலி 2018-ல் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலும், மொகாலி அரசு ஆலையில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலும் சிப்பானது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிப் பணிகளுக்கான ஐரிஸ் சிப்பை அறிவித்தார்கள். அளவு சுருங்கச் சுருங்கக் கம்பி மெலிகிறது, தடை ஏறுகிறது, இடைவெளி குறைகிறது. அதாவது எங்கள் அம்மிணியின் வேலை கூடிக்கொண்டுதான் போகும்.

கரும்பலகையில் தப்பாக எழுதினால் டஸ்டரால் அழிக்கலாம். ஆலையில் வார்த்த சிப்பை அழிக்க முடியாது. மறுபடி முதலிலிருந்து, பல மாதம், பல கோடி. அதனால்தான் அந்த ராத்திரி ரெண்டு மணி.

அவள் பார்த்த சிப் இப்போது ஆலைக்குப் போயிருக்கிறது. திரும்பி வரும் வரை பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி தவித்துக்கொண்டிருக்கிறாள். இந்த நேரத்தில் அவளைப் பார்க்கிறவர்கள் "எப்போ விடப் போற?" என்று கேட்காதீர்கள். "சிப் வந்துதா கண்ணு?" என்று கேளுங்கள். வேலையில் இருப்பதும் விடுவதும் அவள் எடுக்க வேண்டிய முடிவு.

மாணவர்களே, உங்களில் பலருக்குக் கல்லூரி வயதில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது உங்களுக்கும் சேர்த்துத்தான். இந்தத் துறையில் இருக்கிறவர்கள் கீழே எழுதுங்கள், அவளிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
உடுமலை.