இரு சீட்டு, ஓர் உடம்பு

மாரிக்குப்பம் நிலையத்தில் அதிகாலை வண்டிக்குப் பயணச்சீட்டு வழங்குகையில், எதிரே நிற்போரின் மூச்சிரைப்பு எமக்குக் கேட்கும். 2001ஆம் ஆண்டு தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர் நம்மவர் பலருக்கும் பிழைப்பு பெங்களூரில்தான். ஊரார் மூச்சையெல்லாம் கேட்ட யாம், எம் வீட்டு மூச்சைக் கேளாது போனோம்.

எம் தந்தையார் சாம்பியன் ரீஃபில் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். உறங்க ஒரு தலையணை போதாமல் இரண்டாயிற்று. பின்பு சுவரில் சாய்ந்தே இரவைக் கழித்தார். "பாறைத் தூசியால் வந்த இளைப்பு, அப்பா" என்று யாமே தேற்றினோம். இவ்வூரில் இளைப்பென்றால் வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை. கால் வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்தோம். நெடுநாளைய சர்க்கரை நோய்க்கோ, மருத்துவரைக் காணாமலே பழைய சீட்டை நீட்டி மாத்திரை வாங்கிவந்தோம்.

இறுதியில் மருத்துவர் சோதித்தபோது, இதயம் தளர்ந்திருந்தது. மார்வலியே இன்றி ஒரு மாரடைப்பு முன்னமே வந்து போயிருந்ததாம்! நீரிழிவு நரம்புகளை மழுக்குவதால் வலி தெரியாமற் போவதுண்டு. அது இதயத்தின் நுண்குழாய்களைக் கெடுத்துத் தசையை விறைக்கச் செய்யும். சிறுநீரகத்தையும் கெடுப்பதால் உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கும். ஆகவே இவ்விரு நோயும் கூடியவர் மீண்டும் மீண்டும் மருத்துவமனை சேர்வதும், மாண்டுபோவதும் மிகுதி. எமது பழைய சீட்டிலிருந்த பயோகிளிட்டசோன் நீரைத் தேக்குவது. தளர்ந்த இதயத்துக்கு அது ஆகவே ஆகாது. மாதந்தோறும் அதை வாங்கிவந்த கை எம்முடையது.

அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊரில் நடந்த ஆய்வு, நீரிழிவுள்ள ஆடவர்க்கு இதயத் தளர்ச்சி இரு மடங்கும் பெண்டிர்க்கு ஐந்து மடங்கும் நேர்வதாக 1974இல் தெரிவித்தது. பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டுத் தம் இளைப்பைச் சொல்லாதிருக்கும் தாய்மார் இதைக் கவனிப்பார்களாக.

தந்தையாருக்கு இப்போது டாபாகிளிஃப்ளோசின் கொடுக்கின்றனர். சர்க்கரைக்கென வந்த மருந்துதான். ஆயினும் இதயத் தளர்ச்சியுற்றோரின் மரணத்தையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் அது குறைப்பதாக 2019இல் பெரியதோர் ஆய்வு காட்டிற்று, சர்க்கரை இல்லாதவர்க்குங்கூட! எல்லார்க்கும் அது பொருந்தாது, மருத்துவரே சொல்லவேண்டும்.

காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து, சர்க்கரை அளவோடு ஒரே நோட்டில் குறிக்கிறோம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். சென்ற வாரம் ஒன்றரை ஏறிற்று. விசாரித்ததில், அண்டை வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வெளிப்பட்டது. "பத்து வருஷமா ஏமாத்தினது அந்தச் சீட்டு, ஒரு நாள் குழம்புக்கா இந்தச் சண்டை?" என்கிறார். எமக்கு மறுமொழி வரவில்லை. நோட்டில் எடையை மட்டும் எழுதினோம்.